மாப்பிள்ளைப் பெட்டி

எங்கள் முதலாளியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, நீங்கள் இப்போது நிற்கிற இதே இடத்தில்தான். ஒரு சனிக்கிழமை. மணி எட்டரை இருக்கும். இரண்டாவது ஷிப்ட் ஆட்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரை கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். நெஞ்சில் ஆபரேஷன் செய்த ஆள், அவ்வளவு தூரம் நடக்கவே கூடாது. நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"இப்ப எவ்வளவுங்க இருக்குது, ரங்கண்ணா?"

பேட்டரிப் பெட்டியின் திரையைத் துண்டால் துடைத்துவிட்டுக் காட்டினேன். "நூத்துக்குத் தொண்ணூத்தாறுங்க."

அவர் திரையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"தினமும் இந்நேரத்துக்கு இவ்வளவு இருக்குமுங்களா?"

"ஒரு நாள் குறைய விட்டதில்லீங்க, மொதலாளி."

அப்படியே நின்றார். சிலருக்குச் சந்தோஷம் வந்தால் பேச்சு வராது, அவர் அந்த ரகம். பிறகு சம்பந்தமே இல்லாமல், "மயிலாத்தா போயி எத்தன வருஷமாச்சுங்க?" என்று கேட்டார். மயிலாத்தாள் என் வீட்டுக்காரி. பன்னிரண்டு வருஷம் என்றேன். "சாப்பிட்டுட்டுப் படுங்க" என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. புதன்கிழமை விடிவதற்குள் போய்விட்டார்.

உட்காருங்கள். சின்ன முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார், வர அரை மணி ஆகும். பெட்டியை வாங்க ஒருவர் வருவார், காட்டு என்று சொல்லியிருந்தார். உங்களுக்குப் பெருந்துறைப் பக்கம் கோல்டு ஸ்டோரேஜாமே. நல்லது. கண்ட இரும்புக் கடைக்காரனுக்குப் போகாமல் ஓட்டத் தெரிந்த ஆளுக்குப் போனால் எனக்கும் ஒரு நிம்மதி. ஆனால் வாங்குவதற்கு முன் இதன் மேல் என்னென்ன பழி போட்டார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே போனால் இது தண்டச் செலவு, அண்ணன் ஏமாந்துவிட்டார் என்றுதான் சொல்வார்கள். ஏமாந்தாரா இல்லையா என்று என்னைக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இதோடு ஒரு வருஷம் இருந்தவன் நான்.

நான் படித்தது எட்டாவது வரைக்கும். இந்த மில்லில் எண்ணெய் போடுகிற வேலைக்கு வந்தேன். கரண்ட் வேலை யாரும் சொல்லித் தரவில்லை. பழைய லாரி பேட்டரியைப் பிரித்துப் போட்டு, ஷாக் வாங்கி, பொசுங்கி, நானே கற்றுக்கொண்டது. அப்புறம் ஜெனரேட்டர் ரூம் என் கைக்கு வந்தது. எங்கள் முதலாளி அர்த்தநாரி என்னைவிட நான்கு வயது சின்னவர். ஆனாலும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார், ‘ங்க’ போடாமல் பேசமாட்டார்.

இந்தப் பெட்டியை வாங்குவது என்று முடிவு செய்த அன்று நானும் ஆபீசில் நின்றேன். கோயமுத்தூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் வந்து சுவரில் படம் காட்டினார்கள். விஷயம் இவ்வளவுதான். பகலில் கூரை மேல் இருக்கிற சோலாரில் இதை நிரப்புவது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கரண்டுக்கு விலை ஏறும் இல்லையா, அப்போது லைனிலிருந்து எடுப்பதைக் குறைத்து இதிலிருந்து ஓட்டுவது. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் காலியாகும். மறுநாள் மறுபடி நிரப்புவது. லைனும் போய்விட்டால் மில் நிற்காமல் இதுவே தாங்கும். கம்பெனிக்காரர்கள் முதல் விஷயத்தை ஒரு மணி நேரம் சொன்னார்கள். இரண்டாவது விஷயத்தை ஒரு நிமிஷம் சொன்னார்கள். எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் மனதில் நின்றது.

சின்னவர், அதாவது முதலாளியின் தம்பி சென்னியப்பன், ஆரம்பத்திலிருந்தே சிரித்துக்கொண்டிருந்தார். "ஏண்ணா, பேட்டரி போட்டு ஓட்டறதுக்கு மில்லு என்ன டார்ச் லைட்டா? அந்தக் காசுக்கு ரெண்டு புது மிஷின் எறக்கலாமில்ல?"

"மிஷின் நூலு நூக்கும் சென்னியப்பா. நூத்த நூலுல கரண்டுக்காரன் எடுத்துட்டுப் போறது போக நமக்கு என்ன நிக்குது? அதைப் பார்த்தியா?"

"பில்லு குறையலீன்னா?"

"ஒரு வருஷம். ஒரு வருஷத்துல பில்லு குறையலீன்னா ஆபீஸ் சாவிய நீ வாங்கிக்க. நான் மில்லுக்கு வர மாட்டேன்."

அத்தனை பங்காளிகள் முன்னால் சொல்லிவிட்டார். அவருடைய அப்பா போட்ட மில். அவர் கையால் முதல் மிஷினுக்குத் தேங்காய் உடைத்த மில். ஒரு பெட்டியை நம்பி அதைப் பந்தயம் வைத்துவிட்டார். இந்த மனுஷன் தோற்கக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

பெட்டி வந்து இறங்கியது. பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். முதலாளி இந்த ரூம் சாவியை என் கையில் கொடுத்து, "ரங்கண்ணா, இது உங்க பொறுப்பு. என்ன ஆனாலும் சரி, மில்லு நிக்கக் கூடாதுங்க" என்றார். இதுதான் அவர் சொன்னது. ஒரு எழுத்து கூட்டிச் சொல்லவில்லை நான்.

முதல் இரண்டு வாரம் கம்பெனி ஆட்கள் இங்கேயே தங்கி ஓட்டிக் காட்டினார்கள். ஆட்டோவில் போட்டுவிட்டால் அதுவே ஆறு மணிக்கு இறங்கத் தொடங்கும். நான் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பேன். தொண்ணூற்றாறு. எழுபது. நாற்பத்தைந்து. எட்டரைக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டுங்க! அந்த நேரத்தில் லைன் போனால் என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள். நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பையன்கள் ஃபோனில் படம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

பேட்டரியைப் பற்றி எனக்குத் தெரியாதா? லாரி பேட்டரியை அடிவரைக்கும் காலி பண்ணினால் அது செத்துப்போகும். நிறைத்து வைத்திருந்தால்தான் ஆயுசு. இது வேற ஜாதி பேட்டரி என்றார்கள். பேட்டரியில் என்ன ஜாதி?

கம்பெனி ஆட்கள் ஊருக்குப் போன மறுநாள் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு இந்தச் சுவிட்சை மேனுவலுக்குத் திருப்பினேன், அப்புறம் அது இறங்கவில்லை. காலையில் ஆட்டோவுக்குத் திருப்புவேன், குறைந்திருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் நிரப்பிக்கொள்ளும். சாயங்காலம் மேனுவல். தவறாமல். காய்ச்சல் வந்த அன்றுகூட வந்து திருப்பிவிட்டுப் போய்ப் படுத்தேன். இதற்காக எனக்கு ஒரு ரூபாய் கூடுதல் கிடையாது, கேட்கவும் இல்லை.

ஐந்தே முக்கால் ஏன் என்று கேட்பீர்கள். ஆறு மணிக்கு அது இறங்கத் தொடங்கும், அதனால்தான். வேறொன்றுமில்லை.

மயிலாத்தாளும் இங்கேதான் வேலை பார்த்தாள், பஞ்சு உடைக்கிற பகுதியில். பத்தொன்பது வருஷம் பஞ்சுத் தூசி. நெஞ்சு அடைத்துக்கொண்டது. வீட்டில் மூச்சுக்குக் காற்று பிடித்துக் கொடுக்கிற மிஷின் ஒன்று வைத்திருந்தோம், முதலாளிதான் வாங்கிக் கொடுத்தார். கரண்டில் ஓடும். கரண்ட் இல்லாதபோது இன்வர்ட்டர். அது பவர் கட் காலம், உங்களுக்கு ஞாபகம் இருக்கும், எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு நான் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுத்தேன். பங்குனி வெயில். சாயங்காலம் நாலு மணிக்குக் கரண்ட் வந்துவிடும் என்ற நினைப்பில் இன்வர்ட்டரிலேயே ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். நாலு மணிக்கு வரவில்லை. ஆறு மணிக்கு இன்வர்ட்டர் கத்தியது. ஏழேகாலுக்குக் கரண்ட் வந்தது.

அது வேற கதை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எங்கே விட்டேன்?

ஆங், ஜனங்கள். மில்லில் எல்லோருக்கும் இந்தப் பெட்டி ஒரு விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. இதற்கு ஏசி வேண்டும், இல்லாவிட்டால் சூடாகிவிடும். மிஷின் பக்கத்தில் நிற்கிற பெண்களுக்கு ஃபேன் கிடையாது, பெட்டிக்கு ஏசி. சும்மா விடுவார்களா? நூலைக் கோனில் சுற்றுகிற தெய்வானை என்று ஒருத்தி, வாய் நீளம். ஒரு நாள் டீ குடிக்கிற இடத்தில் வைத்து, "ஏனுங் மாமா, மாப்பிள்ளை எந்திரிச்சாச்சா?" என்றாள்.

"எந்த மாப்பிள்ளை?"

"உங்க பொட்டிதானுங். வேளாவேளைக்குச் சாப்பாடு, ஏசி ரூமு, ஒரு வேலை கிடையாது. எங்க வீட்டு மாப்பிள்ளைகூட மாசத்துக்கு ஒரு நா வயக்காட்டுப் பக்கம் போறானுங்."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அதற்கு மாப்பிள்ளைப் பெட்டி என்றே பெயர். கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் வரைக்கும். தெரியாதவர்களிடம் என்ன பேச?

ஆனால் ஒரு நாள் பேசியது. நான் இல்லை, பெட்டி பேசியது. ஆவணி மாதம், காலை பதினொன்றரை. நல்ல வெயில். லைன் போனது. சாதாரணமாக லைன் போனால் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தில் ஆயிரக்கணக்கான நூற்புக் கதிரில் நூல் அறுந்துவிடும், அத்தனையையும் ஒவ்வொன்றாக முடிந்து ஓட்ட ஒரு மணி நேரம் போய்விடும். அன்றைக்கு? ஒரு விளக்கு கண் சிமிட்டவில்லை. பதினொரு நிமிஷம் மொத்த மில்லையும் இது சுமந்தது. லைன் போனதே உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது. நான் ஓடிப் போய்த் தெய்வானையிடம் சொன்னேன். "அப்படியா மாமா? எங்களுக்கு டீக்கு விட்ட மாதிரி ஆயிருக்கும், கெடுத்துப்போட்டீங்களே" என்கிறாள். இவர்களுக்காக உழைத்தேன் பாருங்கள்.

பதினொரு நிமிஷத்துக்குப் பிறகு திரையில் எவ்வளவு இருந்தது தெரியுமா? எண்பத்து மூன்று. சாயங்காலத்துக்குள் மறுபடி தொண்ணூற்றாறு.

முதலாளி வாரத்துக்கு ஒரு தடவை காலையில் ஃபோன் செய்வார். அப்போது ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தார். "பொட்டி எப்படீங்க இருக்குது?" என்பார். "நெறைஞ்சு நிக்குதுங்க" என்பேன். "சரிங்க, நீங்க இருக்கறப்ப எனக்கு என்ன கவலை" என்று வைத்துவிடுவார். பில் குறையவில்லை என்று சென்னியப்பன் வீட்டுக்குப் போய்க் காட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். குறையாததுக்கு நான் என்ன செய்ய? ஏசி ஒரு பக்கம் இழுக்கிறது. கரண்ட் விலையை அவர்கள் இஷ்டத்துக்கு ஏற்றுகிறார்கள். கம்பெனிக்காரன் படம் காட்டும்போது இதையெல்லாம் சொன்னானா? விற்கிறவன் கணக்கு விற்கிற வரைக்கும்தான்.

நாலாவது மாசம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தது, அகல்யா என்று பெயர். இன்ஜினியர். மரியாதையான பெண். திரையை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "அண்ணா, சாயங்காலம் இதை யாரு மேனுவல்ல போடறது?" என்று கேட்டது.

"நான்தான் கண்ணு."

"ஏண்ணா?"

"காலியாயிருமே."

"காலியாகறதுக்குத்தாண்ணா வாங்கியிருக்கீங்க! தெனமும் காலி பண்ணி நிரப்பினாத்தான் பில்லு குறையும்."

"கண்ணு, பவர் கட் காலத்துல நீ எத்தனாவது படிச்சே?"

"ஆறாவது."

"அப்ப உனக்குத் தெரியாது."

சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஓனரிடம் தான் பேசுவதாகச் சொன்னது. நான்தான் தடுத்தேன். நெஞ்சு ஆபரேஷன் ஆன மனுஷன், இந்தச் சில்லறை விஷயத்துக்கெல்லாம் ஃபோன் போட்டுத் தொந்தரவு செய்யாதே, நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். இரண்டு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பினேன். ஆட்டோவில் போட்டுவிட்டுத்தான் போனது. ஐந்தே முக்காலுக்கு நான் மாற்றிக்கொண்டேன். முதலாளியிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? மில்லு நிக்கக் கூடாது என்று சொன்னது அவர். நிற்கவில்லை. ஒரு வருஷத்தில் ஒரு நிமிஷம் நிற்கவில்லை.

வருஷம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சின்னவர் வீட்டில் பங்காளிகள் கூட்டம். அதற்கு முந்தின நாள்தான் முதலாளி இங்கே வந்து நின்றது. வருஷத்துக் கணக்கு கேட்டு அந்த அகல்யாவிடம் அன்றைக்குச் சாயங்காலம் அரை மணி நேரம் ஃபோனில் பேசினாராம், வைத்ததும் காரை எடு என்றாராம். டிரைவர் சொன்னார். அந்தப் பெண் என்ன சொன்னதோ எனக்குத் தெரியாது.

கூட்டத்தில் நடந்ததை ஆறுச்சாமி சொன்னான், ஆபீசில் டீ கொடுக்கிறவன், அன்றைக்கு அங்கேயும் அவன்தான் டீ கொடுத்தான். சின்னவர் பன்னிரண்டு மாச பில்லையும் வரிசையாக மேஜையில் பரப்பினாராம். "எங்கண்ணன் வாங்கியாந்த மாப்பிள்ளை இதுவரைக்கும் சம்பாரிச்சது சைபர்" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். பெரிய பங்காளி ஒருவர், "ஏம்ப்பா அர்த்தநாரி, பொட்டி கோளாறா, ஓட்டுன ஆளு கோளாறா?" என்று கேட்டாராம்.

என் முதலாளி என்ன சொல்லியிருக்க வேண்டும்? பதினொரு நிமிஷத்தைச் சொல்லியிருக்க வேண்டாமா? அன்றைக்கு ஒரு நூல் அறவில்லை என்று மேஜையைத் தட்டிச் சொல்லியிருக்க வேண்டாமா? என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் வந்து சொல்லியிருப்பேன். எனக்கு ஆத்திரம் அதுதான். இன்றைக்கு வரைக்கும் அதுதான். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"பொட்டியிலும் கோளாறு இல்லீங்க, ஆளுலயும் கோளாறு இல்லீங்க. எதுக்கு வாங்குனேன்னு நான் சரியாச் சொல்லாம உட்டுட்டேன். தப்பு என்னுது."

அவ்வளவுதான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். தப்பு என்னுதாம்! என்ன தப்பு? யாரிடம் என்ன சொல்லாமல் விட்டார்? கம்பெனிக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் படம் காட்டி விளக்கினார்களே. நான் ஆறுச்சாமியிடம் இரண்டு தடவை கேட்டேன், ஓட்டின ஆளைப் பற்றி வேறு ஏதாவது சொன்னாரா என்று. "உங்க பேரையே அவரு எடுக்கலீங்கண்ணா" என்றான். அதுவும் எனக்குக் கஷ்டமாக இருந்தது, மறைக்கவில்லை. ஒரு வருஷம் இப்படிக் காத்திருக்கிறேன், அந்த இடத்தில் ரங்கண்ணன் நன்றாகப் பார்த்துக்கொண்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

திங்களும் செவ்வாயும் மில்லுக்கு வரவில்லை. போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் போனால் இந்தச் சுவிட்சை யார் திருப்புவது? புதன்கிழமை காலையில் சங்கு ஊதவில்லை, அப்போதே புரிந்துவிட்டது.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் சின்னவர் வந்து சோலாரிலிருந்து இதற்கு வருகிற ஒயரையும் இதிலிருந்து மில்லுக்குப் போகிற ஒயரையும் கழற்றச் சொன்னார். ஏசிக்கு மட்டும் லைன் இருக்கட்டும், விற்கிற வரைக்கும் கெடாமல் இருக்கட்டும் என்றார். ஏழு மாசம் ஆகிறது. லைன் போனால் இப்போது மறுபடி ஜெனரேட்டர்தான். போன வாரம்கூடப் போனது, அரை நிமிஷம். தெய்வானை வகையறா ஒரு மணி நேரம் நூல் முடிந்தார்கள். முடியட்டும். ஒருத்திகூட மாப்பிள்ளை என்று வாய் திறக்கவில்லை அன்றைக்கு.

வந்து பாருங்கள். பெட்டிக் கதவைத் திறக்கிறேன், குளிர் முகத்தில் அடிக்கும். எல்லாம் துடைத்து வைத்திருக்கிறேன், ஒரு எறும்பு கிடையாது. திரை இதுதான். நீங்களே அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள், என்னைவிட உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன், வாங்கிக்கொண்டு போனால் உங்கள் ஆளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஆறு மணிக்கு மேல் இதில் கை வைக்கக் கூடாது. உருளைக்கிழங்கு அழுகிவிடும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சுற்றா? அது கீழே இருக்கிறது, இடது பக்கம். ஒரு தடவை காலியாகி ஒரு தடவை நிறைந்தால் ஒரு சுற்று. ஆறாயிரம் சுற்றுக்குக் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது, காகிதம் பீரோவில் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் அவர்கள் ஓட்டியது, அப்புறம் அந்தப் பதினொரு நிமிஷம், அது இது எல்லாம் சேர்த்துப் பதினாறு ஆகியிருக்கிறது.

ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு மிச்சம் இருக்கிறது.